மழைக்காலப் பயணம் தகாதோ?

"மழைக்காலம் வருகிறது, பயணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்." நம் பள்ளிகளிலும் சங்கங்களிலும் இலக்கிய வட்டங்களிலும் ஆண்டுதோறும் ஒலிக்கும் சொல் இது. கேட்பதற்கு முதிர்ந்த அறிவுரை போலத் தோன்றும். ஆயினும், இச்சொல்லை ஆராய்ந்து பார்ப்பார் இல்லை. எந்த மழை, எந்தப் பயணம், எவ்விடத்துக்கு என்று எவரும் கேட்பதில்லை. மழை என்ற சொல்லைக் கேட்டவுடனே பேருந்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறுகிறோம். அத்துடன் அவ்வாண்டின் பயணமும் முடிந்துவிடுகிறது.

'பிறகு' என்பது எப்போது? நம் நாட்டுப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை பல்லாண்டுக் காலமாக நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே அமைந்து வந்தது. மாணவர்க்கு ஓய்வு கிடைக்கும் காலமும் மழை பெய்யும் காலமும் ஒன்றாக இருக்க, மழைக்காலத்தில் பயணம் கூடாது என்பதன் பொருள், மாணவர்க்குப் பயணமே கூடாது என்பதன்றி வேறென்ன? இந்த அறிவுரை நம் பிள்ளைகளைத் தம் சொந்த மாநிலத்துக்கே அயலவராக்கி வருகிறது. அதனாலேயே இதனை மறுத்து எழுத வேண்டியுள்ளது.

முதலில், முன்னோரைச் சான்றுக்கு அழைப்போர்க்கு விடை கூறுவோம். மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவதே தமிழர் மரபு என்பர் சிலர். சமண, பௌத்தத் துறவியர் மழை மாதங்களில் நடைப்பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்கினர் என்பது உண்மையே. ஈரமண்ணில் பெருகும் சிற்றுயிர்கள் தம் காலடியில் நசுங்கலாகாது என்னும் அருள் நோக்கம் அதற்கு ஒரு காரணம். காலணி நனையும் என்று அஞ்சி அவர்கள் தங்கவில்லை. இல்லறத்தார் மரபோ வேறு. தொல்காப்பியம் கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் முல்லைக்கு உரியனவாக வகுத்தது. பிரிவுக்குரிய பாலைக்கு வேனிலை வகுத்தது. வெயிற்காலம் பிரிந்து செல்லும் காலம். மழைக்காலம் திரும்பி வரும் காலம். முல்லைப் பாடல்களில் தலைவனின் தேர் நனைந்த காட்டு வழியில்தான் விரைகிறது. நெடுநல்வாடையில் அரசன் பாடிவீட்டில் உறங்கவில்லை. வாடை வீசும் நள்ளிரவில், தூறலின் நடுவே, புண்பட்ட வீரர்களைக் காணப் புறப்படுகிறான். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே வான்சிறப்புக்கு அளித்தார். இத்தகைய இலக்கியத்தை வகுப்பில் உருக்கத்தோடு நடத்திவிட்டு, வெளியே தூறல் விழுந்தவுடன் பயணத்தைக் கைவிடுதல் எவ்வகையில் பொருந்தும்?

இரண்டாவதாக, இவர்கள் அஞ்சும் மழை எது என்று பார்ப்போம். நம் மாணவர் எழுதும் 'மழைக்காலம்' என்னும் கட்டுரையைப் படித்துப் பாருங்கள். ஐப்பசியில் அடைமழை தொடங்கும், கார்த்திகையில் ஏரி குளங்கள் நிரம்பும், தவளைகள் கத்தும், உழவர் மகிழ்வர். அது தஞ்சையின் மழை. மலாக்காவின் மழை அன்று. தமிழகத்துப் பாடநூலிலிருந்து கிளம்பிய மேகம் கடல் கடந்து வந்து நம் மாணவரின் ஏட்டில் பெய்துகொண்டிருக்கிறது. சன்னலுக்கு வெளியே பெய்யும் மழை மட்டும் எவருடைய ஏட்டிலும் விழுவதில்லை.

மலாக்காவின் மழைக்குத் தனி இயல்பு உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசுகிறது. அதன் முழு வேகத்தையும் கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களே தாங்குகின்றன. இடையே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் மேற்குக் கரைக்கு அரணாகிறது. தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்திரா மலைகள் தடுக்கின்றன. ஆதலால், மலாக்காவில் மழை மிகுவது பெரும்பாலும் காற்றுத் திசை மாறும் இடைக்காலங்களில், அஃதாவது ஏப்பிரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஆகும். அம்மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வந்து மாலையில் ஓய்ந்துவிடும். ஆண்டின் நடுப்பகுதியில் வரும் 'சுமத்திராக் காற்று' வேறு வகை. இரவில் நீரிணையின் மீது திரண்டு, விடியற்காலையில் கரையேறி, ஓரிரு மணி நேரம் அடித்துப் பெய்துவிட்டுக் கலையும். சனவரி, பிப்ரவரி மாதங்களிலோ இங்கு மழை குன்றும். 1991ஆம் ஆண்டில் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றி, மலாக்கா மக்கள் குடிநீருக்குத் தவித்ததையும் நினைவிற் கொள்ள வேண்டும். கிழக்குக் கரையின் மழை வேறு, மேற்குக் கரையின் மழை வேறு, பிற்பகல் மழை வேறு, விடியல் மழை வேறு என்று பிரித்தறியாமல், 'மழைக்காலம்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுவதுதான் முதிர்ந்த அறிவுரையோ?

இந்த வேறுபாட்டை எழுத்தறியாத நம் தோட்டத் தொழிலாளி நன்கறிந்திருந்தான். பால்மரம் வெட்டுபவனுக்குப் பிற்பகல் மழை ஒரு பொருட்டன்று. அதற்குள் மங்குப் பாலை எடுத்து எடை போட்டிருப்பான். விடியல் மழையே அவன் வயிற்றில் அடிக்கும் மழை. பட்டை நனைந்திருந்தால், வெட்டுக்கோட்டில் ஓட வேண்டிய பால் கோட்டை விட்டு வழிந்து பட்டையெங்கும் பரவிவிடும். வெட்டிய பின் மழை கொட்டினால், மங்கில் சேர்ந்த பால் நீரோடு கலந்து வெளியேறும். ஈரப்பட்டையில் மீண்டும் மீண்டும் கத்தி பட்டால் வெட்டுக்கோட்டில் பூசண நோய் கண்டு, மரமே கெடும். ஆகவே, பெரட்டுக்கு வந்தோர் மழை ஓயுமா என்று வானத்தையே பார்த்து நிற்பர். ஓயாவிடில் அன்று வெட்டு இல்லை, நாட்கூலியும் இல்லை. மழை எந்த நாழிகையில் பெய்தது என்பதே அவ்வீட்டின் அடுப்பைத் தீர்மானித்தது. இத்துணை நுட்பமான மழையறிவு பெற்றோரின் பேரப்பிள்ளைகள், தவளை கத்திய கதையைத் தவிர மழையைப் பற்றி எழுத ஒன்றுமில்லாமல் இருக்கின்றனர்.

மூன்றாவதாக, உலகைச் சற்று நோக்குவோம். நம் பாதுகாப்பான சாலைகளில் மழைக்கு அஞ்சும் நாம், ஆண்டீஸ் மலைவாழ் மக்களை எண்ணிப் பார்த்ததுண்டா? தென் அமெரிக்காவின் மேற்கு விளிம்பில் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது அம்மலைத்தொடர். பெரு, பொலிவியா நாடுகளின் மேட்டு நிலங்களில் நவம்பர் முதல் மார்ச்சு வரை மழைக்காலம். சனவரியும் பிப்ரவரியும் அதன் உச்சம். மலைச்சரிவு சாலையை மறைக்கும். ஆறுகள் பாலங்களை இழுத்துச் செல்லும். அங்கு வாழும் மக்கள் அதற்காகப் பயணத்தை வெறுத்தனரா? இல்லை. மழையைத் தாங்கும் வழிகளை அமைத்தனர். இன்கா மக்கள் அமைத்த பெருவழிகள் பல்லாயிரம் கிலோமீட்டர் நீண்டன. கற்படிகளும் நீர் வடியும் கால்களும் கொண்டிருந்தன. 2014இல் அவை உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. அபுரிமாக் ஆற்றின் மீது, மலைப்புல்லைத் திரித்த கயிற்றால் ஒரு தொங்குபாலத்தை ஊரார் கூடி ஆண்டுதோறும் சூன் மாதத்தில் புதிதாகக் கட்டும் வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2013இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மச்சு பிச்சுவுக்குச் செல்லும் இன்கா நடைவழியைப் பிப்ரவரி மாதத்தில் மூடுகின்றனர். அந்த மாதத்தில் வழியைச் செப்பனிடுகின்றனர். எந்த வழியை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று அறிந்து செய்கின்றனர். அறிந்து மூடுவதற்கும் அஞ்சி மூடுவதற்கும் உள்ள வேற்றுமையை நாம் கற்க வேண்டும்.

ஆண்டீசுக்கும் மலாக்காத் தமிழனுக்கும் என்ன உறவு என்று நகைப்போர் இருக்கலாம். உறவு உண்டு. அபுரிமாக் ஆறு அமேசானின் ஊற்றுக்கால்களில் ஒன்று. ஆண்டீஸ் மழை இறங்கிப் பெருகும் அந்த அமேசான் படுகையே ரப்பர் மரத்தின் தாயகம். 1876இல் வில்லியம் அல்ல, என்றி விக்கம் என்னும் ஆங்கிலேயரே அங்கிருந்து விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அடுத்த ஆண்டே கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1896இல் டான் சே யான் என்பார் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். அங்கிருந்து புக்கிட் அசகானுக்கும் பிற இடங்களுக்கும் அப்பயிர் பரவியது. அம்மரத்தை நாடித்தான் நம் பாட்டன்மார் கப்பலேறினர். கல்வெட்டும் செப்பேடும் தேடி நெடுந்தொலைவு செல்லும் நாம், நம் வாழ்வுக்கே வேராகிய அந்த மண்ணை ஒருமுறையேனும் மாணவரோடு சென்று மிதித்தோமா?

இனி, எதிர்ப்போரின் வலுவான வாதத்துக்கு வருவோம். மழைக்காலப் பயணத்தில் ஆபத்து உண்டு என்பர். உண்டு, மறுக்கவில்லை. 2010 சனவரியில் பெருவில் வெள்ளம் இருப்புப்பாதையை அறுத்தபோது, மச்சு பிச்சு அடிவாரத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான பயணிகளை எலிகாப்டர்களில் மீட்க வேண்டியதாயிற்று. 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியது. 2021 டிசம்பரில் சிலாங்கூர் தத்தளித்தது. 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன் பத்தாங்காலியில் மலைச்சரிவு இடிந்து, கூடாரங்களில் உறங்கிய 31 உயிர்கள் மாண்டதை நினைக்கும் எந்த ஆசிரியரும் நடுங்காமல் இருக்க முடியாது. பிறர் பெற்ற பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் அந்த நடுக்கத்தை மறக்கவும் கூடாது.

ஆனால், அந்தத் துயரம் கற்பிப்பது யாது? மழையில் நனைந்த செங்குத்துச் சரிவின் கீழ் இராத்தங்கலாகாது. பெருகும் ஆற்றில் இறங்கலாகாது. மலையருவியை மழை நாளில் நாடலாகாது. வானிலைத் துறையின் எச்சரிக்கையைக் கேளாமல் புறப்படலாகாது. இவை திட்டமான பாடங்கள். அசகான் அருவியையும் குனோங் லேடாங் மலையையும் மழை மாதங்களில் விட்டுவிடுவோம். அதற்காக, சாசினுக்கும் மெர்லிமாவுக்கும் தெபோங்குக்கும் பத்தாங் மலாக்காவுக்கும் காலையில் சென்று நண்பகலில் திரும்புவதையும் தடுப்பானேன்? ஆபத்தை அளந்து அறியாதவர்கள், ஒரு நாள் எல்லா எச்சரிக்கையையும் துறந்து மலையடிவாரத்தில் கூடாரம் அடிப்பதும் உண்டு. அறியாமை சில வேளை அச்சமாகவும் சில வேளை துணிச்சலாகவும் வெளிப்படும்.

மேலும், தாமதத்திலும் ஓர் ஆபத்து உண்டு. அதை எவரும் கணக்கிடுவதில்லை. மலாக்காத் தோட்டங்களில் ரப்பர் அழிந்து செம்பனை ஏறியது. செம்பனையும் அழிந்து பலவிடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயங்கள் வெறுமையாயின. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் தோட்டத்தை விட்டுப் பெயர்ந்தன. மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு என்னும் சொற்களை வாழ்ந்து அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நல்ல வெயில் வரட்டும் என்று நாம் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டிலும் கேட்பதற்குரிய ஒரு வாய் மூடிவிடுகிறது. நனைந்த சட்டை ஒரு நாளில் உலர்ந்துவிடும். இழந்த சொல்லை எந்தக் கருத்தரங்கால் மீட்க முடியும்? அன்றியும், மழை நாளே அம்முதியோர் வீட்டில் இருக்கும் நாள். தகரக் கூரையின் மேல் மழை விழும்போது, வெட்டு நின்ற நாள்களின் கதை தானே எழும். அதைக் கேட்க வேண்டிய காலமே அதுதான்.

தமிழாசிரியப் பெருமக்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. விடுமுறை மாதத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வானிலை அறிக்கையைப் பார்த்து, பெற்றோரின் ஒப்புதல் பெற்று, அருகிலுள்ள தோட்டத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கள். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தது, எந்த நாழிகையில் மழை தொடங்கியது, எப்போது ஓய்ந்தது என்று அவர்களே குறிக்கட்டும். மழை நாளில் இங்கு வாழ்ந்தோர் என்ன செய்தனர், என்ன உண்டனர், கூலியில்லா நாளை எவ்வாறு கடந்தனர் என்று முதியோரைக் கேட்டு எழுதட்டும். அவ்வாறு எழுதிய ஒரு பக்கம், தவளையும் ஏரியும் நிறைந்த நூறு கட்டுரைகளைவிட மேலானது. கட்டுரைப் போட்டிகளில் நடுவராக அமரும் எழுத்தாளர்களும் மனப்பாட வருணனைக்கு மதிப்பெண் வழங்குவதை நிறுத்துவார்களாக.

மாணவர்களே! உங்கள் மாநிலத்தின் மழை உங்கள் எழுத்துக்காகக் காத்திருக்கிறது. அதனைத் தஞ்சைப் புலவர் எழுத முடியாது. ஆண்டீஸ் மலைவாணர் எழுத முடியாது. நீங்கள்தாம் எழுத வேண்டும். குடையை எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பேட்டை நெகிழிப் பையில் இடுங்கள், ஆசிரியரை முன்னிறுத்திப் புறப்படுங்கள்.