சிதம்பரம் போனவர்

ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது ஜெபமே இல்லை என்கிறார் ஒருவர். வாய்க்கு வந்தபடி சத்தம்போடுவது ஒழுங்கீனம் என்கிறார் இன்னொருவர். நாகர்கோவில் பக்கம் நாலு கிறிஸ்தவர் கூடினால் இதுதான் பேச்சு. பேசாமல் அமர்ந்தும் ஜெபிக்கலாமே என்றால் இருவருமே முறைக்கிறார்கள்! எனக்கு மயிலாடி மகாராசன்தான் நினைவுக்கு வருகிறார். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் மனம் நிறையாமல் தஞ்சாவூர் சென்று, திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அப்புறம் மிஷனரி ரிங்கல்தௌபே வந்ததும் 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்ததும் தெரிந்த கதை. கும்பிடப் பழகிய விதம் போதவில்லை என்று பயணத்தின் நடுவே ஒப்புக்கொண்டாரே, அந்தத் துணிச்சல்தான் என்னை இழுக்கிறது. அதற்காகச் சிதம்பரம் போன பக்தியை வீண் என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. அந்த ஏக்கம் இல்லாவிட்டால் தஞ்சாவூர் ஏது?