அலுமினியக் குழாயும் அதன் உட்பூச்சும்
சருமக் களிம்பு அடைத்த அலுமினியக் குழாய், பிதுக்கிய பின் பிளாஸ்டிக் குழாயைப் போல உப்பிக் காற்றை உள்ளிழுக்காமல் நசுங்கியபடியே இருப்பதால், ஒளியும் ஆக்சிஜனும் பட்டால் கெட்டுவிடும் ரெட்டினால் என்னும் வைட்டமின் ஏ வகைப் பொருளுக்கு அது ஏற்ற உறை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மிகுந்த அமிலமும் காரமும் இவ்வுலோகத்தை அரிக்குமாதலால், உட்சுவரில் சூடேற்றி இறுகச்செய்த மெல்லிய பிசின் படலம் பூசப்படுகிறது. களிம்பைத் தொடுவது பெரும்பாலும் உலோகமன்று, இப்படலமே (விளம்பரங்கள் இதைச் சொல்வது அரிது). மறுசுழற்சியைப் பொறுத்தவரை, பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு, பாக்சைட் தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்தெடுக்க வேண்டிய ஆற்றலில் சுமார் 5 விழுக்காடே போதும் என்பது மெய். அந்தச் சிக்கனமோ குழாய் உலைக்குத் திரும்பினால்தான் கிட்டும். மிச்சக் களிம்போடும் பிளாஸ்டிக் மூடியோடும் குப்பையில் விழும் சிறு குழாயைத் திரும்பப் பெற வழிசெய்யாத நிறுவனம், அதன்மேல் ‘பசுமை’ என்று அச்சிடுவது பொருந்தாது.