விவசாயத் தொழில்நுட்பம்: கடன் இருக்கிறது, களம் எங்கே?

கிள்ளான், மேரு வட்டாரத்தில் நிலம் மாறிய வேகம் எல்லாருக்கும் தெரியும். நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த இடம் இன்று செத்தியா ஆலாம். புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆகிவிட்டது. தோட்டத்தோடு நமக்கும் விவசாயத்துக்குமான தொடர்பு முடிந்துவிட்டதாக நாமே பேசிக்கொள்கிறோம்.

ஆனால் நாடு விவசாயத்தை விட்டுவிடவில்லை. 2022இல் மலேசியாவின் உணவு இறக்குமதி 75 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. 2021 முதல் 2030 வரைக்கான தேசிய வேளாண் உணவுக் கொள்கை, நவீனத் தொழில்நுட்பத்தை முதன்மை இலக்குகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மலேசிய இலக்கவியல் பொருளாதாரக் கழகமான எம்டெக், ‘இ-லாடாங்’ திட்டத்தின் வழி மண் ஈரத்தை அளக்கும் உணரிகளையும் கைப்பேசியிலேயே இயக்கும் பாசன முறையையும் விவசாயிகளிடம் கொண்டுபோகிறது. 2021 பட்ஜெட்டில், செம்பனைத் துறையை இயந்திரமயமாக்க 30 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது.

இந்தக் கருவிகளை வாங்குவோர் பட்டியலில் மட்டும் நாம் இருக்கப் போகிறோமா, உருவாக்குவோர் பட்டியலிலும் இருப்போமா என்பதே இப்போதைய கேள்வி.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியத் தொழில்முனைவர்களுக்கு டெக்குன் நேஷனல் மூலம் ஸ்பூமி கடனுதவி உண்டு. 2024இல் வந்த ‘ஸ்பூமி கோஸ் பிக்’ அதன் உச்சவரம்பை ஒரு லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. அதே ஆண்டு, அமானா இக்தியார் மூலம் இந்தியப் பெண்களுக்கான ‘பெண்’ திட்டத்துக்கு 50 மில்லியனும், பேங்க் ராக்யாட்டின் ‘பிரீஃப்-ஐ’ திட்டத்துக்கு 50 மில்லியனும் ஒதுக்கப்பட்டன. உணவுக்கடை, தையல், பூக்கடை, லோரிப் போக்குவரத்து போன்ற தொழில்களுக்கு இவை நல்ல உதவி. இன்று கடன் வாங்கிச் சரக்கு எடுத்தால் அடுத்த மாதமே விற்பனை வரும், தவணையும் கட்டலாம்.

விவசாயக் கருவி ஒன்றை உருவாக்குபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. செம்பனைக்கு உரம் எப்போது, எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். இன்று போட்ட உரத்தின் முழுப் பலன் குலையில் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். பையில் நட்டுச் சொட்டுநீரில் வளர்க்கும் மிளகாய் என்றாலும் காய்க்க ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும்; ஒரு பருவத்தை வைத்து எந்த விவசாயியும் நம்பமாட்டார். கருவி சரிதானா என்று தெரிவதற்குள் தவணை நோட்டீஸ் வந்துவிடும்.

தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென்று இன்னொரு கதவு இருக்கிறது. கிராடில் நிதியத்தின் ‘சிப் ஸ்பார்க்’ திட்டம் 1,50,000 ரிங்கிட் வரை நிபந்தனை மானியம் தருகிறது. புக்கிட் ஜாலிலில் உள்ள மிராந்தி பூங்காவில் டிரோன்களைச் சோதிக்கவே தனி வளாகம் உண்டு. ஆனால் அங்கே நுழைய நிறுவனப் பதிவு, தொழில் திட்டம், நடுவர்கள் முன் விளக்கம் எல்லாம் வேண்டும். “யாருடைய தோட்டத்தில் சோதித்தீர்கள், யார் வாங்கப் போகிறார்கள்?” என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டு மேசையில் உணரி செய்துகொண்டிருக்கும் இளைஞர் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். அவரிடம் நிலம் இல்லை. தோட்ட நிர்வாகியைத் தெரியாது.

தமிழகமும் இந்தியாவும் இதை எப்படிக் கையாள்கின்றன? 2018-19இல் தொடங்கிய இந்திய அரசின் ‘ரஃப்தார்’ திட்டம், விவசாயத் தொழில்முனைவர்களுக்கு யோசனை நிலையில் 5 லட்சம் ரூபாய் வரையும் அடுத்த நிலையில் 25 லட்சம் ரூபாய் வரையும் மானியம் தருகிறது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிலையங்களே பயிற்சியும் வழிகாட்டலும் கொடுப்பதால், ஆய்வு நிலமும் பேராசிரியரும் அருகிலேயே இருக்கிறார்கள். தமிழக அரசு 2022-23இல், பட்டியல் சமூகத்தினரும் பழங்குடியினரும் நடத்தும் புத்தொழில்களுக்கு 30 கோடி ரூபாய் நிதி ஒதுக்கியது. அது கடனாகப் போகவில்லை. அரசு பங்கு வாங்கி முதலீடாகப் போட்டது. தொழில் தோற்றால் இளைஞர் கடனாளி ஆவதில்லை. சமூக நிதியை இப்படியும் கொடுக்கலாம் என்பதை மித்ராவும் தொழில்முனைவர் மேம்பாட்டு அமைச்சும் கவனிக்க வேண்டும்.

களத்துக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டாளிகளின் மாதச் சேமிப்பைத் திரட்டி, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார். அந்தச் சங்கம் இன்றும் செம்பனைத் தோட்டங்களை வைத்திருக்கிறது. ஏதாவது ஒரு தோட்டத்தில் பத்து ஏக்கரைச் சோதனைக் களமாக ஒதுக்கி, ஆண்டுக்கு நான்கைந்து சிறு நிறுவனங்களுக்கு இரண்டு பருவம் கொடுத்தால் போதும். விளைச்சல் கணக்கைச் சங்கமே எழுதிச் சான்று தரலாம். அந்தத் தாளோடு கிராடிலுக்கோ வங்கிக்கோ போகும் இளைஞரின் பேச்சுக்கு எடை கூடும். டிரோன் தெளிப்புக்குச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும்; தனி ஆள் அலைவதைவிட ஒரு சங்கம் கூட நின்றால் அது எளிது.

உறுப்பினர்களின் பணத்தில் விளையாடலாமா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் பத்து ஏக்கர், வரையறுத்த காலம், வேலை செய்தால் மட்டும் கொள்முதல் என்ற நிபந்தனைகள் அவசியம்.

இன்னொரு சொத்தும் நம்மிடம் உண்டு. மரத்தடியில் விழுந்த உதிரிப்பழத்தைப் பார்த்தே குலை பழுத்ததா என்று சொல்லும் பழைய தண்டல்கள், ஓலையின் நிறத்தில் உரக்குறை கண்டுபிடிக்கும் ஓய்வுபெற்ற பாட்டாளிகள் இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார்கள். குலையைப் படம் பிடித்துப் பழுத்ததா என்று சொல்லும் செயலிக்கு, எது பழுத்தது எது காய் என்று ஆயிரக்கணக்கான படங்களில் யாராவது குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு இவர்களைவிடத் தகுதியானவர்கள் கிடைக்கமாட்டார்கள். அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

சங்க உறுப்பினர்களாக இருக்கும் வாசகர்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைக் கேட்கலாம். லாப ஈவு எவ்வளவு என்ற கேள்வியோடு, நம் பிள்ளைகளுக்குச் சோதனை நிலம் எப்போது என்ற கேள்வியும் எழட்டும்.