ஓரணாச் சிற்றுண்டி

சென்னைக்குப் போய்வந்த நம் பிள்ளைகள் தி.நகரைப் பற்றிப் பேசுவார்கள். துணிக்கடை, நகைக்கடை, நெரிசல் என்று அடுக்குவார்கள். அந்தத் ‘தி’ யார் என்று கேட்டால் விழிப்பார்கள். சென்னை மாநகராட்சிக்குத் தலைமை தாங்கிய பிட்டி தியாகராயச் செட்டியார்தான் அவர். மேயர் என்ற பட்டம் 1933-இல்தான் வந்தது. அவர் காலத்தில் மாநகராட்சித் தலைவர் என்றே பெயர்.

1852-இல் பிறந்த அவர் நெசவுக் குலத்தவர். பி.ஏ. படித்த பின்னும் தொழிலை விடவில்லை. சுமார் நூறு தறிகளோடு நெசவுக்கூடம் நடத்தினார். 1882 முதல் நாற்பதாண்டுக் காலம் மாநகராட்சி உறுப்பினர். 1916-இல் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1920 தேர்தலில் கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி வேண்டாம் என்று ஒதுங்கினார். இவையெல்லாம் மேடைகளில் கேட்டவைதாம். நாம் சொல்ல வந்தது வேறு.

1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர மன்றம் தீர்மானித்தது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. அங்கே படிப்பவர்கள் ஏழைகள், அதனால் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது என்று தலைவர் எடுத்துச் சொன்னார். வரவு செலவு பார்த்துப் பழகிய வியாபாரிக்குப் பசியின் கணக்கும் தெரிந்திருந்தது! பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1924-25-இல் 1,671 பிள்ளைகள் சாப்பிட்டனர்.

வெள்ளை அரசு விட்டுவைக்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடக்கூடாது என்றது. 1925 ஏப்ரலில் திட்டம் முடங்கியது. செட்டியார் மறைந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டாண்டு கழித்தே திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. காமராசரின் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும், 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காலை உணவும் அந்த ஓரணாவுக்குப் பின் வந்தவையே.

அவரை அப்பழுக்கற்றவர் என்று நாம் சொல்லவில்லை. 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் சாதித் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் மோதிக்கொண்டனர். நீதிக்கட்சித் தலைமை ஆதிதிராவிடரைக் கைவிட்டது என்று எம்.சி. ராஜா குற்றம் சாட்டி, பின்னர் கட்சியை விட்டே வெளியேறினார். ஒரே லயத்தில் குடியிருந்துகொண்டு குழாயடியில் சாதி பார்க்கும் நம்மவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

இப்போது நம் கதைக்கு வருவோம். விடிந்ததும் தாய் கொழுந்துக் கூடையோடு மஸ்டருக்கு ஓடுகிறாள். பிள்ளை கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு மலையிறங்கிப் பள்ளிக்குப் போகிறது. எட்டாம் வகுப்பு வரை மதியச் சோறு உண்டு. அதுவரை அந்த வயிறு என்ன செய்யும்? 2000-ஐ ஒட்டிப் பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது பட்ட பாட்டை நம் குடும்பங்கள் மறக்கவில்லை.

கேரளத்தில் சில உள்ளாட்சிகள் தம் திட்டப்பணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு தருகின்றன. ஆகவே சட்டம் இடம் தராது என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாது. ஏலப்பாறையிலும் சுற்றுப்புறத்திலும் எந்தத் தோட்டப் பள்ளியில் காலை உணவு உண்டு, எங்கே இல்லை என்று கிளைத் தோழர்கள் நேரில் போய் விசாரித்து எழுதுங்கள். இல்லாத இடங்களுக்காக வரும் கிராம சபையில் மனு வைப்போம். கையெழுத்து வாங்கும் வேலையை இந்த மாதமே தொடங்குவோம். தாய்மார்கள்தாம் முதலில் கையெழுத்திட வேண்டும்.