கெப்பாசிட்டரை விடுங்க, மில்லிஆம்பியரைப் பாருங்க

பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி எலக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்போன் ஆம்ப் கையில் கிடைத்தால் நம்ம ஆட்கள் முதலில் என்ன செய்வார்கள்? நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் பிராண்டைப் படிப்பார்கள். அடுத்த நிமிஷமே தீர்ப்பு வந்துவிடும்: "எல்லாம் சீப் கேப்ஸ் மச்சி, மாத்தினா சவுண்ட் வேற லெவல்." அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. மாட் பண்ணாதீங்க என்று சொல்ல வரவில்லை, தாராளமா பண்ணுங்க. ஆனா எந்த இடத்தில் அந்த ஆம்ப் திணறுகிறது என்று ஒரு பக்கக் கணக்காவது போட்டுட்டுப் பண்ணுங்க. அந்தக் கணக்கைப் போட்டால், பிரபலமான மாட்களில் பல அந்த இடத்தைத் தொடவே இல்லை என்று தெரியும். சில மாட்கள் இருப்பதையும் கெடுக்கும். ஒன்றிரண்டு ஆளையே அடிக்கும்.

மெக், சிவில் நண்பர்களுக்காக ஒரு பத்தி. சாதாரண ஹெட்போனில் காந்தமும் காயிலும் இருக்கும். எலக்ட்ரோஸ்டேட்டிக்கில் அது இரண்டுமே கிடையாது. சில மைக்ரான் தடிமனுள்ள ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம், ஓட்டை போட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஃபிலிமுக்கு நிலையான உயர் மின்னழுத்தம் கொடுப்போம், இதுதான் பயாஸ். தகடுகளுக்கு ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில் பாட்டின் சிக்னல் போகும். ஃபிலிம் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் தள்ளப்படும். ஜப்பானின் ஸ்டாக்ஸ் கம்பெனி 1960 முதல் இதை விற்கிறது. ஹெட்போன் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், 'இயர்ஸ்பீக்கர்' என்பார்கள். அவர்களுடைய பழைய மாடல்களுக்கு பயாஸ் 230 வோல்ட், பிறகு வந்த 'ப்ரோ' வகைக்கு 580 வோல்ட். சிக்னலும் நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். இந்த வித்தையை எஸ்ஆர்எம்-001 என்ற அவர்களுடைய பாக்கெட் ஆம்ப் இரண்டே இரண்டு டபுள்-ஏ பேட்டரியை வைத்துக்கொண்டு செய்கிறது. 3 வோல்ட் உள்ளே போய் நூற்றுக்கணக்கான வோல்ட் வெளியே வருகிறது. அதைச் செய்து காட்டியவர்களுக்கு முதலில் ஒரு சல்யூட்.

சரி, கணக்கு. கீழே வரும் எண்கள் எந்தக் குறிப்பிட்ட மாடலின் சர்க்யூட்டையும் பார்த்து எழுதியவை அல்ல, மாதிரிக்குப் போட்டவை. உங்க போர்டில் அளந்து உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

ஆம்ப்பின் பார்வையில் இந்த ஹெட்போன் ஒரு கெப்பாசிட்டர்தான். கேபிளோடு சேர்த்து சுமார் 120 பைக்கோஃபாரட். 20 கிலோஹெர்ட்ஸில் அதன் இம்பீடன்ஸ் ஏறக்குறைய 66 கிலோஓம். அந்த அதிர்வெண்ணில் 200 வோல்ட் ஆர்எம்எஸ் முழு ஸ்விங் வேண்டுமானால் ஆர்எம்எஸ் 3 மில்லிஆம்பியர், பீக் 4.3 மில்லிஆம்பியர் ஓடணும். கிளாஸ்-ஏ அவுட்புட்டில் ஒவ்வொரு காலிலும் சும்மா நிற்கும்போதே ஓடும் கரன்ட் எவ்வளவோ, அவ்வளவுதான் லோடுக்குத் தர முடியும். அது 1 மில்லிஆம்பியர் என்றால் முழு ஸ்விங் சுமார் 4.7 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கிடைக்கும். அதற்கு மேலே அலை முக்கோணமாக ஆரம்பிக்கும்.

"அப்போ கரன்ட்டை ஏத்திடலாமே?" ஏத்தலாம். பில் யார் கட்டுவது? இரண்டு சேனல், சேனலுக்கு இரண்டு கால், ஆக நாலு கால். சப்ளை பிளஸ் 160, மைனஸ் 160 என்றால் ஒரு காலின் குறுக்கே 320 வோல்ட். 1 மில்லிஆம்பியருக்கு நாலும் சேர்ந்து 1.28 வாட். வோல்ட்டை ஏற்றித் தரும் கன்வெர்ட்டரின் எஃபிஷியன்ஸி 70 சதவீதம் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 1.8 வாட் போகும். 2000 மில்லிஆம்ப்-அவர் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் இரண்டில் இருப்பது மொத்தமே 4.8 வாட்-அவர். இரண்டரை மணி நேரம் பாட்டு கேட்கலாம். 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழு ஸ்விங் வேண்டும் என்று 4.3 மில்லிஆம்பியருக்குப் போனால் கிட்டத்தட்ட 8 வாட். அந்த இரண்டு செல்லில் இருந்து 3 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சணும். அரை மணி நேரம் ஓடினால் பெரிய விஷயம். அதோடு சூடும் இருக்கு. 160 வோல்ட்டில் 4.3 மில்லிஆம்பியர் என்றால் ஒரு டிரான்சிஸ்டரில் 0.69 வாட். எம்பிஎஸ்ஏ42 மாதிரி சின்ன டிரான்சிஸ்டரின் டேட்டாஷீட் 25 டிகிரியிலேயே 0.625 வாட்டோடு நிறுத்திக்கொள்கிறது. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 25 டிகிரி எங்கே இருக்கும்?

இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த டிசைனர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை, பட்ஜெட் போட்டிருக்கிறார். இன்னொன்று, பாட்டில் 15 கிலோஹெர்ட்ஸில் முழு ஸ்விங் யாரும் கேட்பதில்லை. மேல் அதிர்வெண்களில் சக்தி இயல்பாகவே குறைவு. 100 வோல்ட்டுக்கு 100 டெசிபல் தரும் ஹெட்போனில் சராசரி 80 டெசிபலுக்குக் கேட்க 10 வோல்ட் போதும். டிரம்ஸ் அடி அதைவிட 20 டெசிபல் துள்ளினாலும் 100 வோல்ட்தான். ஆக, நிதானமான சத்தத்தில் கேட்கிறவர்களுக்கு இந்தச் சின்ன ஆம்ப் பெரும்பாலும் போதும். மெட்டலும் குத்துப்பாட்டும் காது கிழியக் கேட்பவர்கள்தான் எல்லையை முட்டுவார்கள். அவர்களுக்கு என் பதில், மேசையில் வைக்கும் ஆம்ப் கட்டுங்க. கெவின் கில்மோரின் கேஜிஎஸ்எஸ் மாதிரி சர்க்யூட்டுகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. சட்டைப்பையில் வைக்கும் சாதனத்தை அதுவாக மாற்ற முயற்சி பண்ணுவது டிவிஎஸ் 50-ல் லாரி லோடு ஏற்றும் வேலை.

இப்போ பிரபலமான மாட்களுக்கு வருவோம். கெப்பாசிட்டர் மாற்றுவதில் நியாயமான பாதி ஒன்று இருக்கு. வருஷக்கணக்கில் ஓடிய செட்டில் எலக்ட்ரோலிட்டிக் காய்ந்து போகும், அதன் இஎஸ்ஆர் ஏறும், கன்வெர்ட்டரின் ரிப்பிள் சிக்னலுக்குள் வரும். அங்கே 105 டிகிரி, லோ-இஎஸ்ஆர் வகையாகப் பார்த்து மாற்றுங்க. இது பராமரிப்பு, சைக்கிளுக்குச் செயின் மாற்றுவது மாதிரி. ஆனா நல்லா இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டரைப் பிடுங்கி, அதே மதிப்பில் பத்து மடங்கு விலைக்கு ஒன்றைப் போடுவது? 1 மைக்ரோஃபாரட் 50 கிலோஓமோடு சேர்ந்தால் கட்-ஆஃப் 3 ஹெர்ட்ஸ். தங்க எழுத்தில் பெயர் அடித்த கெப்பாசிட்டருக்கும் அதே 3 ஹெர்ட்ஸ்தான். ஆப்-ஆம்ப் மாற்றுவதும் இந்த ரகமே. முட்டிக்கொண்டு நிற்பது அவுட்புட் காலின் கரன்ட், நீங்க மாற்றுவது வாசல் கதவை.

கேபிள் மாட் இன்னும் வேடிக்கை. ஸ்டாக்ஸ் கேபிள் ரிப்பன் மாதிரி தட்டையாக, கம்பிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு இருக்கும். அழகுக்காக இல்லை, கெப்பாசிட்டன்ஸ் குறையணும் என்பதற்காக. அதை வெட்டிவிட்டு, தடித்த காப்பர் கம்பிகளைச் சடை பின்னி, மேலே நைலான் உறை போட்டு இன்ஸ்டாவில் ஏற்றுகிறார்கள். அந்தச் சடை 100 பைக்கோஃபாரட் கூடுதலாகக் கொண்டுவந்தால் லோடு 220 ஆகிவிடும். 4.7 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைத்த முழு ஸ்விங் 2.6-க்கு இறங்கும். காசு கொடுத்து ஆம்ப்பைப் பாதியாக்கியாச்சு. நேரெதிராக, நீளமான கேபிளைச் சரியாக வெட்டிச் சின்னதாக்கினால் அது நிஜமாகவே ஒரு மேம்பாடு. பார்க்கத்தான் கெத்தாக இருக்காது.

அவுட்புட்டில் இருக்கும் 5 கிலோஓம் ரெசிஸ்டர்களை ஷார்ட் பண்ணச் சொல்லும் அறிவுரையும் சுற்றுகிறது. "சிக்னல் பாதையில் தடை எதுக்கு?" என்பது வாதம். இரண்டும் சேர்ந்து 10 கிலோஓம், லோடு 120 பைக்கோஃபாரட். கட்-ஆஃப் 130 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.1 டெசிபல். இதை எந்த வௌவால் கேட்டுக் குறை சொல்லப் போகிறது? அந்த ரெசிஸ்டர் அங்கே இருப்பது கேபிள் பிய்ந்து விரல் பட்டால் பாயும் கரன்ட்டைக் கட்டுப்படுத்த. காதோடு ஒட்டிக்கொள்ளும் சாதனத்தில் அதை எடுப்பவரை நான் டிஐஒய் ஆள் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆபத்தான மாட் என்று நான் நினைப்பது பயாஸை ஏற்றுவது. அது பெரும்பாலும் ஆசையில் தொடங்குவதில்லை, மல்டிமீட்டரில் தொடங்குகிறது. பயாஸ் சப்ளைக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் 4.7 மெகாஓம் மாதிரி பெரிய தடை இருக்கும். அது இருப்பதால்தான் ஃபிலிமில் சார்ஜ் மாறாமல் நிற்கிறது, டிஸ்டார்ஷன் குறைகிறது. தவறிக் கை பட்டாலும் 0.12 மில்லிஆம்பியருக்கு மேல் வராது. நம்ம லேப் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம். அதை வைத்து 580 வோல்ட்டை அளந்தால் 10-க்கு 14.7 என்று பிரிந்து திரையில் 395 தெரியும். "அய்யோ, பயாஸ் செத்துப் போச்சு" என்று ஒருவர் ட்ரிம்மரைத் திருப்பி, மீட்டர் 580 காட்டும் வரை ஏற்றினால் உண்மையில் அங்கே நிற்பது 850 வோல்ட். ஃபிலிம் தகட்டில் ஒட்டும், இல்லாவிட்டால் ஆர்க் அடித்து ஓட்டை விழும். ஆம்ப்பில் ஒரு குறையும் இல்லை. மீட்டரைத் தொட்டதால் அளவு மாறியது, அவ்வளவுதான். முதல் வருஷம் படித்த வோல்டேஜ் டிவைடர்தான் இது. ஆனா பரீட்சையில் வந்த டிவைடரை யாரும் பயாஸ் பின்னில் எதிர்பார்ப்பதில்லை.

இதற்கு விலை உயர்ந்த ப்ரோப் எதுவும் வேண்டாம். 10 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்பதை வரிசையாகச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பேனாக் குழாய்க்குள் வைத்து இன்சுலேட் பண்ணுங்க. மீட்டரோடு சேர்ந்து 100 மெகாஓம், மீட்டர் பத்தில் ஒரு பங்கு காட்டும். 580 வோல்ட் பயாஸ் சரியாக இருந்தால் 55.4 என்று வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் டீக்காசுக்குக் கிடைக்கும் இந்த ஒன்பது ரெசிஸ்டர்தான் என் கணக்கில் முதல் மாட். ஆம்ப்புக்குள் ஒன்றும் மாறாது என்பது வேற விஷயம்.

உள்ளே நிஜமாக மாற்றத் தகுந்தது பவர் பக்கம். ஆல்கலைன் செல் தீரத் தீர அதன் உள்தடை ஏறும், வோல்ட் இறங்கும். கன்வெர்ட்டர் அதே வாட்டை எடுக்க இன்னும் அதிகக் கரன்ட் கேட்கும், வோல்ட் இன்னும் இறங்கும். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கு மாறினால் இந்தச் சரிவு பெரிதும் குறையும். சோல்டரிங் அயர்னே வேண்டாம். அடுத்த கட்டமாக வெளியே பெரிய பேட்டரியும் ஒழுங்கான ரெகுலேட்டரும் வைக்கலாம். பவர் பேங்க்கின் 5 வோல்ட்டை அப்படியே உள்ளே விடாதீங்க, செட் எத்தனை வோல்ட்டுக்கு எழுதியிருக்கிறதோ அதற்கு இறக்கித்தான் கொடுக்கணும். வீட்டில் மட்டும் கேட்பவர் இதோடு காலின் கரன்ட்டை 1-லிருந்து 1.5 மில்லிஆம்பியருக்கு ஏற்றினால் அதில் அர்த்தம் உண்டு. முழு ஸ்விங் எல்லை 7 கிலோஹெர்ட்ஸுக்குப் போகும், டிரான்சிஸ்டரும் 0.24 வாட்டில் நிற்கும். மாற்றிய பிறகு நல்லா இருக்கா என்று காதை மட்டும் கேட்காதீங்க. மாலை முழுக்க சோல்டர் பண்ணின கைக்குச் சொந்தமான காது அது, எப்படியும் "ஆமா" என்றுதான் சொல்லும். இரண்டு நிலையிலும் சத்தத்தை வோல்ட் அளந்து சமன் பண்ணி, எது எது என்று தெரியாமல் நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்க.

கடைசியாக நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு. "பேட்டரிதானே, 3 வோல்ட்தானே" என்று நினைத்து ஹாஸ்டல் ரூமில் ராத்திரி இதைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஒரு 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 160 வோல்ட்டில் சார்ஜாகி உட்கார்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் உடனே இறங்காது. அது சிக்னலும் இல்லை, மெகாஓம் வழியாகவும் வருவதில்லை. எலக்ட்ரானிக்ஸ் லேபில் அனுமதி கேட்டால் "ஹை வோல்டேஜ், வேண்டாம்பா" என்று பதில் வருகிறது. ஆனா அதே பிளாக்கின் கீழ்த்தளத்தில் இரண்டாம் வருஷ ட்ரிபிள்-ஈ மாணவர்கள் மெஷின்ஸ் லேபில் 415 வோல்ட் த்ரீ-ஃபேஸ் மோட்டாருக்கு வயர் இணைக்கிறார்கள். அங்கே ரப்பர் மேட் இருக்கு, பக்கத்தில் டெக்னீஷியன் அண்ணன் இருக்கார், சப்ளை போடும் முன் கனெக்‌ஷன் சரிபார்க்கும் பழக்கம் இருக்கு. எங்களுக்கும் அதுதான் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேசை, டிஸ்சார்ஜ் பண்ண ஒரு ரெசிஸ்டர் குச்சி, 100-க்கு 1 ஸ்கோப் ப்ரோப் இரண்டு (ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அவுட்புட்டில் மாட்டக் கூடாது, இரண்டு ப்ரோப்பையும் கழித்துத்தான் பார்க்கணும்), கூட ஒரு ஃபேகல்டி. மறுத்தால் இந்த வேலை நின்றுவிடப் போவதில்லை, ரூமில் நடக்கும். மேசை கிடைத்தால் மாட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அலைவடிவங்களை அடுத்த இதழுக்கே தருகிறோம். ஏற்கெனவே சடை பின்னிய கேபிள் வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துட்டு வாங்க, எல்சிஆர் மீட்டரில் போட்டுப் பார்த்துடலாம்.