சங்கம் வைத்த ஆறு பேரின் ஊர்

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் வட்டாரத்தில், பிடில் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையிலுள்ள சின்னஞ்சிறு கிராமம் டால்பட்டில். ஒரு பழைய தேவாலயம், கொஞ்சம் வீடுகள், திடலில் வயது முதிர்ந்த ஒரு பெரிய மரம். 11-ஆம் நூற்றாண்டில் இந்நிலத்துக்கு உரியவளாயிருந்த டோலா என்ற விதவையின் பெயரே ஊருக்கு நிலைத்தது. எனினும், உலகம் இவ்வூரை அறிந்தது ஆறு கூலித் தொழிலாளர்களால்தான்.

1830-களின் தொடக்கம். அக்கம்பக்கத்து ஊர்களில் பண்ணையாட்களுக்கு வாரக் கூலி 10 ஷில்லிங். டால்பட்டிலிலோ 9 ஆனது. பிறகு 8, பிறகு 7. இனி 6 தான் என்றார்கள் பண்ணை முதலாளிகள். மற்ற ஊர்க் கூலியையே தருவதாக அவர்கள் முன்பு கொடுத்த வாக்குக்கு ஊர்ப் பாதிரியாரே சாட்சி. பின்னர் கேட்டபோது, அப்படியொன்றும் சொல்லவில்லையே என்று அவர் கைவிரித்துவிட்டாராம்! தொழிலாளர் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் பின்னாளில் எழுதி வைத்த செய்தி இது.

வேறு வழி? 1833-இல் சங்கம் அமைத்தார்கள். ஒரு வீட்டு மாடியறையில் சத்தியம் செய்து ஆட்கள் சேர்ந்தார்கள். சங்கம் வைப்பது 1824 முதல் குற்றமல்ல. ஆகவே, கடற்படைக் கலகத்தையொட்டி 1797-இல் வந்த பழைய சட்டமொன்றைத் தேடியெடுத்தார்கள். இரகசியச் சத்தியம் குற்றமாம்! 1834 பிப்ரவரியில் லவ்லெஸ் சகோதரர் இருவர், அவர்கள் மைத்துனர் தாமஸ் ஸ்டான்ஃபீல்ட், அவர் மகன் ஜான், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாமெட் ஆகிய அறுவரும் கைதானார்கள். தண்டனை, ஏழாண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தல்.

அக்காலத்தில் ஏழைகளுக்கு உதவிப் பணம் வழங்குவது தேவாலயப் பங்கின் பொறுப்பு. அறுவரின் பெண்டு பிள்ளைகளுக்கு அதுவும் மறுக்கப்பட்டது. மற்ற ஊர்த் தொழிலாளர்கள் திரட்டிய நிதியில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

லண்டனில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். 1836-இல் அரசாங்கம் இறங்கி வந்து மன்னிப்பு வழங்கியது. திரும்பி வந்தவர்களில் ஐவர் பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஹாமெட் மட்டும் டால்பட்டிலிலேயே வாழ்ந்தார். 1891-இல் ஏழைகள் விடுதியில் உயிர்விட்ட அவரை, எந்தப் பங்கு அவர் குடும்பத்துக்கு உதவ மறுத்ததோ, அதன் தேவாலய வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

1934-இல் பிரிட்டிஷ் தொழிற்சங்கப் பேரவை, முதிய பண்ணைத் தொழிலாளர்களுக்காக அங்கே ஆறு வீடுகள் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரைச் சூட்டியது. ஆண்டுதோறும் ஜூலையில் சங்கத்தார் கொடி பிடித்து வந்து ஹாமெட்டின் கல்லறையில் மலர்வளையம் வைக்கிறார்கள்.

கூலியைக் குறைத்தவர்களின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? அடுத்த முறை சங்கச் சந்தா கட்டும்போது, அந்த மாடியறையை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.