ஒரு பொத்தானும் 22,000 ரூபாயும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு, கொடைக்கானலிலிருந்து குடும்பத்துடன் காரில் இறங்கிக் கொண்டிருந்தேன். பெருமாள்மலையைத் தாண்டியதும் மழை பிடித்துக் கொண்டது. வண்டிக்குள் ஐந்து பேர். நனைந்த குடை, நனைந்த துணி, குழந்தையின் ஈரச் சட்டை. பத்து நிமிஷத்துக்குள் முன்கண்ணாடியின் உள்பக்கம் பால் பூசினாற்போல் வெளுத்துவிட்டது. எதிரே வருவது பஸ்ஸா, பாறையா என்று தெரியவில்லை.

இதற்கென்றே காரில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் குளிர்சாதனம் தானாக ஓடத் தொடங்கும். ஈரம் நீங்கிய காற்று முழுவதும் முன்கண்ணாடியில் வீசும். கொஞ்ச நேரத்தில் திரை விலகிவிடும். எங்கள் வண்டியில் அந்தப் பொத்தான் நான்கு மாதமாகவே சண்டித்தனம் செய்து கொண்டிருந்தது. இரண்டு முறை அழுத்தினால் ஒரு முறை கேட்கும். அன்று இருபது முறை அழுத்தியும் கேட்கவில்லை. காலுக்கும் கண்ணாடிக்கும் சேர்த்துக் காற்று வீசுகிற இன்னொரு நிலையில் வைத்துப் பார்த்தேன். ஐந்து பேர் மூச்சுக்கு அது ஈடு கொடுக்கவில்லை. பின்னால் இருந்த அம்மா ஒரு துண்டை நீட்ட, மனைவி கண்ணாடியைத் துடைக்க, நான் இரு பக்கக் கதவுக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, மழையில் நனைந்தபடி மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து, கண்ணில் பட்ட முதல் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

சென்னை திரும்பியதும் முதல் வேலையாகக் கம்பெனிப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், பொத்தான் தனியா வராது. பேனல் முழுசா மாத்தணும். 22,000 ரூபாய் ஆகும். கூலி தனி."

"பொத்தான் ஒன்றுதானே கெட்டிருக்கிறது?"

"கம்பெனி லிஸ்டில் பொத்தானுக்கு நம்பரே இல்லை சார்."

இந்தப் பதிலைக் கேட்காத கார்க்காரர் நம்மிடையே குறைவு. கதவுக் கண்ணாடி விசையா? கதவுப் பேனல் முழுதும். ரிமோட் சாவியின் ரப்பரா? சாவி முழுதும். சட்டையில் பொத்தான் அறுந்தால் சட்டையையே வாங்கச் சொல்லும் தையற்காரரை நாம் பார்த்ததில்லை. கார் விஷயத்தில் மட்டும் அதை நியாயம் என்று ஏற்றுக் கொண்டுவிட்டோம்.

ஒரு காலத்தில் இந்த வம்பே கிடையாது. காற்றைத் திருப்ப ஒரு நெம்புகோல், அதன் பின்னால் ஒரு கம்பி, கம்பியின் கோடியில் ஒரு தகட்டுக் கதவு. கம்பி கழன்றால் தெருமுனை மெக்கானிக் மாட்டிவிடுவார். அமெரிக்காவில் 1964-ஆம் வருஷ மாடல் காடிலாக் கார்களில், வேண்டிய உஷ்ணத்தைக் குறித்துவிட்டால் மற்றதை யந்திரமே பார்த்துக் கொள்ளும் ஏற்பாடு வந்தது. பிறகு மெள்ள மெள்ள நெம்புகோல் போய்ப் பொத்தான் வந்தது. பொத்தானுக்குப் பின்னால் சர்க்யூட் பலகை வந்தது. சௌகரியம் பெரிதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பலகைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமை நம் கையை விட்டுப் போய்விட்டது.

பார்த்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானித்தேன். நான் கலாசாலையில் படித்தது பொருளாதாரம். பள்ளிக்கூட நாளில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்து, திரும்ப மாட்டத் தெரியாமல் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக் கொண்டதுதான் என் முன் அனுபவம். ஆகையால் என் கைச் சாமர்த்தியத்தைப் பறைசாற்ற இதை எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

முதலில் குற்றவாளி பொத்தான்தானா என்று தெரிந்து கொள்ள வேண்டும். எல்லாப் பொத்தான்களும் ஒரே சமயத்தில் செத்துப் போனால் பியூஸைப் பார்ப்பது உத்தமம். கையால் விசிறி வேகத்தை வைக்கும் சாதாரண வண்டிகளில், கடைசி வேகத்தில் மட்டும் விசிறி சுற்றினால் கோளாறு அநேகமாக விசிறி மோட்டாருக்கு அருகிலுள்ள ரெஸிஸ்டரில்தான். பொத்தானின் விளக்கு எரிந்தும் காற்று திசை மாறாமல், டாஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று சத்தம் வந்தால், உள்ளே கதவைத் திருப்பும் சின்ன மோட்டாரில் பல் தேய்ந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் பொத்தானைப் பிரித்துப் பயனில்லை. என் வண்டியில் அழுத்தினால் விளக்கே எரியவில்லை; மற்றப் பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை.

இன்னொன்று. வாரண்டி பாக்கியிருக்கும் வண்டியில் கை வைக்கக் கூடாது. அது கம்பெனியின் தலைவலி, அவர்களே படட்டும்.

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இருந்தேன். இதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். சில வண்டிகளில் ஏர்பேக் சம்பந்தப்பட்ட விளக்கோ விசையோ இதே பேனலில் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அதைக் கழற்றினால் வண்டி அதைக் கோளாறாகக் குறித்துக் கொண்டு எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். பிறகு அதை அணைக்கப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். மஞ்சள் உறை போட்ட ஒயர் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஏர்பேக் வீட்டுக் கைகளுக்கு உரிய சமாசாரம் அல்ல.

சுற்றுச் சட்டம் திருகாணி இல்லாமல் கொக்கிகளில் நிற்கிறது. இரும்புத் திருப்புளியால் நெம்பினால் வடு விழும். பிளாஸ்டிக் நெம்பி கடையில் கிடைக்கிறது. நான் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வைத்துச் சமாளித்தேன். சட்டம் 'படக்'கென்று கழன்றபோது அதோடு என் உயிரும் கழன்றாற்போல் இருந்தது. பிறகு நான்கு திருகாணி. பின்னால் இருக்கும் செருகியைப் பூட்டுநாக்கை அழுத்திக் கொண்டு இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவ்வளவுதான், 22,000 ரூபாய்ப் பொருள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

உள்ளே இருந்ததைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. பச்சை நிறப் பலகை ஒன்று. அதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே 6 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு கால்களுடன் ஒரு குட்டி விசை. அழுத்தினால் 'க்ளிக்' என்கிறதே, அது இதன் குரல். நம் வீட்டு வாஷிங் மெஷினிலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் இதே ஜாதிதான் இருக்கிறது. என் பொத்தானின் விசை மட்டும் க்ளிக் என்னாமல் கொழகொழவென்று அமுங்கியது. மல்டிமீட்டரை எதிரெதிர் மூலைக் கால்களில் வைத்து அழுத்திப் பார்த்தேன்; தொடர்பே இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கால்களில் வைத்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு ஜோடிக் கால்கள் உள்ளே எப்போதுமே இணைந்துதான் இருக்கும்.

எல்லா வண்டியிலும் இந்த விசை இருக்காது. சிலவற்றில் ரப்பர்ப் பாய் ஒன்று விரித்திருக்கும். அதன் ஒவ்வொரு குமிழின் அடியிலும் ஒரு கரி வில்லை. அது பலகையிலுள்ள சீப்புப் பற்கள் போன்ற இரு கோடுகளை இணைக்கும். வியர்வையும் தூசியும், என்றோ கொட்டின காப்பியும் நடுவில் படலமாகப் படிந்தால் தொடர்பு நின்றுவிடும். இந்த ரகத்துக்கு விலையுயர்ந்த வைத்தியம் தேவையில்லை. ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் அநேகமாக உயிர் வந்துவிடும். கரி வில்லையை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்தால் கரி போய்விடும். பிறகு பொத்தானும் போய்விடும்.

எனக்குப் புது விசை வேண்டியிருந்தது. ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். பத்து விசை, விலை ஒரு டிபன் காப்பிக்குக் காணாது. வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பழைய பற்றுக்கு அதிக சூடு வேண்டும். கொஞ்சம் சாதாரண ஈயத்தை அதன் மேல் உருக்கிச் சேர்த்தால் இளகிக் கொடுக்கிறது. ஒரே காலில் சூட்டுக்கோலை நெடுநேரம் வைத்தால் பலகையின் செப்புக் கோடு உரிந்து வந்துவிடும். பொறுமை இல்லாதவர்கள், ரேடியோ ரிப்பேர்க்காரர் எவரிடமாவது பலகையைக் கொடுத்துவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

புது விசையைப் பற்றவைத்து, பேனலை மூடினேன். பொத்தான் உள்ளே அமுங்கியபடி நின்றுவிட்டது! நான் வாங்கியது 5 மில்லிமீட்டர் உயரம், பழையது 4.3. அளவு பார்த்து வாங்கத் தோன்றவில்லை. மறுநாள் அசட்டுச் சிரிப்புடன் ரிச்சி தெருவில் நின்றேன். கடைக்காரர், "பழச கையில கொண்டாந்திருக்கலாமே தம்பி" என்றார். பொருளாதாரப் பட்டதாரிக்கு வேறென்ன பதில் இருக்கிறது?

இரண்டாவது முறை சரியாக அமைந்தது. பேட்டரியை மாட்டி, வண்டியைக் கிளப்பி, உள்ளே கதவுகள் தம் நிலையைத் தேடிக் கொள்ள ஒரு நிமிஷம் விட்டு, பொத்தானை அழுத்தினேன். க்ளிக். விளக்கு எரிந்தது. கண்ணாடியில் காற்று சீறியது.

இனி, கம்பெனிக்காரர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவோம். சின்னஞ்சிறு சாமான்களையெல்லாம் நாடு முழுதும் இருப்பு வைத்தால் செலவு அதிகம், பேனலாக மாற்றினால்தான் வேலைக்கு உத்தரவாதம் தர முடியும் என்பது அவர்கள் கட்சி. அதில் பாதி நியாயம் இருக்கிறது. பட்டறைப் பையன் சூட்டுக்கோலை எடுக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அந்த விசையின் அளவு என்ன, பேனலை எப்படிக் கழற்றுவது என்ற விவரத்தையாவது வெளியிடலாம் அல்லவா? பொத்தான் மூடியையும் ரப்பர்ப் பாயையும் தனியாக விற்கலாம் அல்லவா? அதற்கு எந்தப் பெரிய கிடங்கும் வேண்டியதில்லை.

இது நம்முடைய புதுப் புலம்பல் அல்ல. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்று 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் ராஜ்யத்து ஜனங்கள் 2012-இல் ஓட்டுப் போட்டே கார் ரிப்பேர் உரிமைக்குச் சம்மதம் தெரிவித்தார்கள். நம் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழுவை நியமித்தது. அதே வருஷம் டிசம்பரில் இணையதளம் ஒன்றும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் ஆகிய நான்கும் அதில் சேர்க்கப்பட்டன. நல்ல காரியம்தான். ஆனால் இணையதளம் பொத்தானைக் கொடுக்காது. குறிப்பிட்ட பாகங்களைக் குறிப்பிட்ட வருஷங்கள் வரை விற்றே தீர வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் விதி வேண்டும். முன்கண்ணாடியைத் தெளிய வைக்கும் பொத்தான் அந்தப் பட்டியலில் முதல் வரிசையில் இருக்க வேண்டும். ரேடியோப் பொத்தான் கெட்டால் பாட்டு நிற்கும். இது கெட்டால் என்ன ஆகும் என்பதை மலைப்பாதையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

22,000 ரூபாய் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? கெட்ட பொத்தானோடேயே ஓட்டுகிறார்கள். நானும் நான்கு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

உயரம் தப்பாக வாங்கிய விசைகளில் ஒன்பது, மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன. இந்தக் கோடையில் மறுபடியும் கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டில் காப்பி குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பியபோது, பின்னால் இருந்து அம்மா, "மேலே ஏறறதுக்கு முன்னாடி அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாரேன்" என்றாள். வானத்தில் மேகமே இல்லை. அழுத்திக் காட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன்.